கோண்டர் டோக்கன்கள்

கோண்டர் டோக்கன்கள் என்பவை 1787 முதல் 1797 வரையிலான ஏறத்தாழ பத்தாண்டுக் காலத்தில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் வணிகர்கள், சுரங்க நிறுவனங்கள், ஆலை முதலாளிகள் ஆகியோர் தாங்களே அடித்து வெளியிட்ட செம்புக் காசுகள் ஆகும். அரசு போதிய சில்லறை நாணயங்களை அடிக்காத காலத்தில், மக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு இவையே கைகொடுத்தன. பெரும்பாலானவை அரைப்பென்னி மதிப்புள்ளவை. பென்னி, கால் பென்னியான ஃபார்திங் ஆகிய மதிப்புகளிலும் இவை வெளிவந்தன.

இன்று உணவகத்திலும் ரேஷன் கடையிலும் தரப்படும் டோக்கனைப் போல, இவையும் ஒரு வாக்குறுதியின் அடையாளமே. இதைக் கொண்டு வருபவருக்கு இதில் குறித்த மதிப்புள்ள நாணயத்தைத் தருவோம் என்று வெளியிட்டவர் ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. அந்த வாக்குறுதி காப்பாற்றப்பட்ட இடங்களில் டோக்கன் அரசு நாணயத்தைவிட நல்ல காசாக நடந்தது. காப்பாற்றப்படாத இடங்களில் நட்டம் கடைசியாக யார் கையில் டோக்கன் இருந்ததோ அவரைச் சேர்ந்தது. அப்படி நட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள்.

பெயர்க் காரணம்

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் துணிக்கடை நடத்திய ஜேம்ஸ் கோண்டர் என்பவர் இத்தகைய டோக்கன்களை ஆர்வத்துடன் திரட்டினார். தம் கடையின் பெயரிலும் டோக்கன்களை வெளியிட்டார். 1798இல் அவர் வெளியிட்ட விரிவான பட்டியல் நூலே பின்வந்தவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்தது. அதனால் இவ்வகை டோக்கன்கள் அனைத்திற்கும் அவர் பெயர் நிலைத்தது. 'மாகாண டோக்கன்கள்', 'பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர் டோக்கன்கள்' என்ற பெயர்களும் வழக்கில் உள்ளன.

பின்னணி: சில்லறைத் தட்டுப்பாடு

அக்காலப் பிரித்தானியாவில் 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்புரட்சி வேகம் பிடித்தது. சுரங்கங்களிலும் நூற்பாலைகளிலும் இரும்பாலைகளிலும் ஆயிரக்கணக்கானோர் வாரக் கூலிக்கு வேலை செய்தனர். அந்தக் கூலி சில ஷில்லிங்குகளே. அதைக் கொண்டு ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்குவதற்குச் சிறிய காசுகள் தேவைப்பட்டன.

ஆனால் அரசின் நாணயச்சாலை தங்கத்தையும் வெள்ளியையும் மட்டுமே உண்மையான பணமாகக் கருதியது. செம்புக் காசு அதற்கு ஒரு சில்லறை வேலை. 1775க்குப் பின் 1797 வரை அது செம்புக் காசு எதையும் அடிக்கவில்லை. வெள்ளியிலும் 1787இல் வெளிவந்த ஷில்லிங், ஆறு பென்னி நாணயங்களைத் தவிரக் குறிப்பிடத்தக்க வெளியீடு இல்லை. முன்பு அடித்த செம்புக் காசுகளும் இலண்டன் கோட்டையில் இருந்த நாணயச்சாலையில்தான் கிடைத்தன. அங்கிருந்து வெளியூர்களுக்கு அனுப்பும் பொறுப்பை அது ஏற்கவில்லை. எனவே இலண்டனில் காசு குவிந்து கிடக்க, வடக்கிலும் மேற்கிலும் வளர்ந்துவந்த தொழில் நகரங்களில் காசு கிடைக்கவில்லை.

இதன் சுமை தொழிலாளர்மேல் விழுந்தது. சில முதலாளிகள் பல தொழிலாளர்களின் கூலியைச் சேர்த்து ஒரே பெரிய நாணயமாகக் கொடுத்துவிடுவார்கள். அதை மாற்றிப் பங்கிட்டுக்கொள்ள அவர்கள் மதுக்கடைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே சில்லறை கிடைக்கும். ஆனால் கூலியில் ஒரு பகுதி அங்கேயே செலவாகும்.

கள்ள நாணயங்கள்

தட்டுப்பாடு உள்ள இடத்தில் கள்ள நாணயம் பெருகுவது இயல்பு. அரசு ஒரு பவுண்டு எடையுள்ள (சுமார் 454 கிராம்) செம்பிலிருந்து 46 அரைப்பென்னிகளை அடித்தது. அதாவது ஒரு காசின் எடை ஏறத்தாழ 9.9 கிராம். கள்ள நாணயம் அடித்தவர்கள் மெல்லிய, மட்டமான செம்பைப் பயன்படுத்தி, அதே எடைச் செம்பிலிருந்து இன்னும் பல காசுகளை அடித்து இலாபம் பார்த்தனர். பர்மிங்காம் நகரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது.

செம்புக் காசைக் கள்ளத்தனமாக அடிப்பதை 1771ஆம் ஆண்டுச் சட்டம் பெருங்குற்றமாக்கியது. ஆனால் அச்சட்டம் மன்னரின் நாணயத்தைப் போலவே அடிப்பதைத்தான் தடுத்தது. எனவே சிலர் மன்னரின் உருவம் போன்ற ஒரு தலையைப் பொறித்து, எழுத்துகளை மட்டும் மாற்றினர். மூன்றாம் ஜார்ஜின் பெயரும் பட்டமும் இருக்க வேண்டிய இடத்தில் 'ஜார்ஜ் ஆள்கிறார்' என்பது போன்ற சொற்கள் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வேறுபாடு தெரியாது. நீதிமன்றத்திலோ இது மன்னரின் நாணயம் அல்ல என்று வாதிட முடியும். இவற்றை இன்றைய திரட்டாளர்கள் தனி வகையாகக் கொள்கின்றனர்.

1787இல் அரசு நாணயச்சாலை நடத்திய ஆய்வில், புழக்கத்தில் இருந்த அரைப்பென்னிகளில் சுமார் 8 விழுக்காடு மட்டுமே மன்னரின் நாணயத்தை ஓரளவேனும் ஒத்திருந்தன என்று தெரியவந்தது. 1789இல் பர்மிங்காம் தொழிலதிபர் மேத்யூ போல்டன் எழுதிய கடிதம் ஒன்றில், பயணத்தின்போது சுங்கச்சாவடிகளில் தமக்குக் கிடைக்கும் சில்லறையில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு கள்ளக் காசு என்று குறிப்பிட்டார்.

முதல் டோக்கன்: பாரிஸ் மலைச் சுரங்கம்

வேல்ஸின் ஆங்கில்சி தீவில் பாரிஸ் மலை என்ற குன்று உள்ளது. (பிரான்சின் தலைநகருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1768இல் அங்கே மிகப் பெரிய செம்புப் படிவு கண்டறியப்பட்டது. வழக்கறிஞராக இருந்து செம்பு வணிகத்தின் முடிசூடா மன்னராக உயர்ந்த தாமஸ் வில்லியம்ஸ் அந்தச் சுரங்க நிறுவனத்தை நடத்தினார். அவரிடம் செம்பு இருந்தது. கூலி கொடுக்க வேண்டிய தொழிலாளர்களும் இருந்தனர். கொடுக்கத்தான் காசு இல்லை. அரசுக்குச் செம்புக் காசு அடித்துத் தரும் ஒப்பந்தத்தைப் பெறும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

1787இல் அந்நிறுவனம் தன் பென்னி டோக்கனை வெளியிட்டது. முகப்பில் கருவாலி இலை மாலைக்கு நடுவே, தலையை முக்காடிட்டு மூடிய தாடி வைத்த முதியவரின் உருவம் இருக்கும். இவர் துரூயிது எனப்படும் பண்டைய கெல்டியப் பூசாரி. ரோமர் காலத்தில் ஆங்கில்சி துரூயிதுகளின் தலைமையிடமாக இருந்ததால் இந்த உருவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. பின்புறத்தில் நிறுவனப் பெயரின் முதல் எழுத்துகள் பின்னிப் பிணைந்து காணப்படும். அதைச் சுற்றி, கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தருவோம் என்ற உறுதிமொழி இருக்கும். எங்கே தருவோம் என்பது விளிம்பில் பொறிக்கப்பட்டது: கேட்டவுடன், இலண்டனிலோ லிவர்பூலிலோ ஆங்கில்சியிலோ.

இந்தப் பென்னியின் எடை ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம். ஒரு பவுண்டு செம்பிலிருந்து அரசு 23 பென்னி மதிப்புள்ள காசுகளை அடித்தபோது, இந்த நிறுவனம் 16 பென்னிகளை மட்டுமே அடித்தது. டோக்கனில் இருந்த செம்பு அரசின் காசில் இருந்ததைவிட அதிகம். தவிர, அதை மாற்றித் தரும் இடங்களும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. மக்கள் இதைத் தயங்காமல் ஏற்றதில் வியப்பில்லை. சுமார் 250 டன் பென்னிகளும் 50 டன் அரைப்பென்னிகளும் அடிக்கப்பட்டன. எண்ணிக்கையில் இது 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டும்.

நல்ல காசு என்று பெயர் எடுத்தவுடனே இந்த டோக்கனுக்கும் போலிகள் வந்தன. எடை குறைந்த துரூயிதுகள் பர்மிங்காமில் அடிக்கப்பட்டுப் புழக்கத்தில் கலந்தன.

இரும்பு முதலாளியின் முகம்

அதே 1787இல் இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சனும் டோக்கன் வெளியிட்டார். முகப்பில் அவருடைய முகமே பொறிக்கப்பட்டிருந்தது. மன்னரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வணிகரின் முகம் இருந்தது பலருக்கு உறுத்தியது. கேலிப் பாடல்களும் எழுந்தன. பின்புறத்தில் இரும்பை அடித்து வளைக்கும் பெரிய இயந்திரச் சம்மட்டியும் தொழிலாளியும் காட்டப்பட்டனர். விளிம்பில் அவருடைய ஆலைகள் இருந்த நான்கு ஊர்களின் பெயர்கள் இருந்தன. தொழிற்சாலையின் உட்புறத்தைக் காட்டும் தொடக்ககாலக் காசுகளில் இதுவும் ஒன்று என்பதால், தொழில் வரலாற்று ஆய்வாளர்களுக்கும் இது பயன்படுகிறது.

சோகோ நாணயச்சாலை

மேத்யூ போல்டன், நீராவி இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட்டின் தொழில் கூட்டாளி. பர்மிங்காமுக்கு அருகே சோகோ என்ற இடத்தில் 1788இல் அவர் நீராவியால் இயங்கும் நாணயச்சாலையை நிறுவினார். அதுவரை திருகு அழுத்தப் பொறியை ஆட்கள் கைகளால் சுழற்றித்தான் நாணயம் அடித்துவந்தனர்.

போல்டன் நினைத்தது இதுதான்: எல்லாக் காசுகளும் ஒரே அளவில், ஒரே எடையில், சீரான வட்டமாக, தெளிவான அச்சோடு இருந்தால் கள்ள நாணயம் அடிப்பவரால் ஈடுகொடுக்க முடியாது. விலை உயர்ந்த இயந்திரம் உள்ளவரால் மட்டுமே அப்படி அடிக்க முடியும். அரசு ஒப்பந்தம் விரைவில் கிடைக்கும் என்று நம்பித்தான் அவர் பெரும் முதலீடு செய்தார். ஆனால் அது கிடைக்க 1797 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில் டோக்கன்களை அடித்துக்கொடுத்துப் பொறிகளை ஓட்டினார். வில்கின்சன், பாரிஸ் சுரங்க நிறுவனம், மேக்கிள்ஸ்ஃபீல்டின் ரோ நிறுவனம், அயர்லாந்தின் குரோன்பேன் சுரங்கம், கிளாஸ்கோ, சவுத்தாம்ப்டன் வணிகர்கள் எனப் பலருக்குச் சோகோவில் டோக்கன்கள் தயாராயின. பொறிப்பின் நேர்த்தியாலும் சீரான வட்டத்தாலும் சோகோ டோக்கன்களைப் பழகிய கண்கள் எளிதில் அடையாளம் காணும்.

பொறிக்கப்பட்ட காட்சிகள்

1790களின் நடுவில் டோக்கன் வெளியிடுவது நாடெங்கும் பரவியது. துணிக்கடைக்காரர், தேயிலை வணிகர், புத்தகக் கடைக்காரர் என எல்லாத் தொழிலினரும் வெளியிட்டனர். இலண்டன் புத்தக வணிகர் ஜேம்ஸ் லாக்கிங்டன் தம் டோக்கனில் உலகிலேயே மலிவான புத்தக விற்பனையாளர் என்று தம் கடையை விளம்பரப்படுத்தினார். காசாகவும் விளம்பரமாகவும் ஒரே பொருள் பயன்பட்டது.

ஊர்ப் பெருமை பேசும் டோக்கன்கள் பல. கோவென்ட்ரி நகரின் 1792ஆம் ஆண்டு அரைப்பென்னியில், அந்நகர் மக்களின் வரிச்சுமையைக் குறைக்கக் குதிரைமேல் வலம் வந்ததாகக் கதை வழங்கும் கொடைவா சீமாட்டி இடம்பெற்றார். மறுபுறம் அந்நகரின் சின்னமான, முதுகில் கோட்டையைச் சுமக்கும் யானை. பீட்டர் கெம்ப்சன் என்ற பர்மிங்காம் உற்பத்தியாளர் இலண்டன், பர்மிங்காம், கோவென்ட்ரி ஆகிய நகரங்களின் கட்டடங்களை வரிசையாகப் பொறித்தார். அவற்றுள் இடிக்கப்பட்ட கட்டடங்களும் உண்டு என்பதால் கட்டடக்கலை வரலாற்றுக்கு இவை சான்றாகின்றன.

இலண்டன் ஸ்ட்ராண்ட் பகுதியில் எக்ஸிட்டர் சேஞ்ச் என்ற கட்டடத்தில் கில்பர்ட் பிட்காக் நடத்திய விலங்குக் காட்சிசாலையின் டோக்கன்களில் யானை, காண்டாமிருகம், சிங்கம், இரண்டு தலைப் பசு ஆகியவற்றைக் காணலாம்.

அரசியல் டோக்கன்கள்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய அக்காலத்தில் பிரித்தானிய அரசு சீர்திருத்தக் குரல்களைக் கடுமையாக ஒடுக்கியது. செய்தித்தாளுக்கு வரி உண்டு. கூட்டத்திற்குத் தடை உண்டு. ஆனால் காசு கைமாறிக்கொண்டே இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அதிலுள்ள படம் புரியும்.

இதை நன்கு உணர்ந்தவர் தாமஸ் ஸ்பென்ஸ் (1750–1814). நியூகாசிலில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து பள்ளி ஆசிரியராக இருந்த இவர், நிலம் ஊருக்குப் பொதுவாக இருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டார். பின்னர் இலண்டன் சென்று புத்தகமும் டோக்கனும் விற்றார். 1794இல் விசாரணையின்றிச் சில மாதங்கள் சிறையில் அடைக்கப்பட்டார். அவருடைய டோக்கன் ஒன்றில் ஒரு பூனை எதிரே நோக்கி அமர்ந்திருக்கும். அடிமைகளுக்கு நடுவே நான் என் சுதந்திரத்தோடு இருக்கிறேன் என்று அது சொல்வதாக வாசகம் அமையும். தம் டோக்கன்களைச் சாளரத்திலிருந்து வழிப்போக்கர்களிடம் அவர் வீசுவார் என்றும் சொல்லப்படுகிறது. வயதுவந்த ஆண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை கேட்ட சங்கத்தின் செயலர் தாமஸ் ஹார்டி 1794 நவம்பரில் தேசத்துரோக வழக்கிலிருந்து விடுதலையானபோது, அதைக் கொண்டாடும் டோக்கன்களும் வெளிவந்தன.

இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது அடிமை ஒழிப்பு டோக்கன். சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஒருவர் மண்டியிட்டு, நானும் ஒரு மனிதன் அல்லவா, உடன்பிறந்தவன் அல்லவா என்று கேட்பதாக முகப்பு அமைந்தது. இந்த உருவம் மட்பாண்டத் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட் 1787இல் வெளியிட்ட பதக்கத்திலிருந்து வந்தது. அரைப்பென்னி டோக்கனின் பின்புறத்தில் கைகுலுக்கும் இரு கைகளும், அடிமைத்தனமும் ஒடுக்குமுறையும் உலகெங்கும் ஒழிக என்ற வாழ்த்தும் உள்ளன. பிரித்தானியப் பேரரசில் அடிமை வணிகம் 1807இல்தான் சட்டப்படி நிறுத்தப்பட்டது. அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பே இந்தக் கேள்வி கடைகளில் கைமாறிக்கொண்டிருந்தது.

அக்காலத் திரட்டாளர்களும் போலி அரிய டோக்கன்களும்

டோக்கன்கள் புழக்கத்தில் இருந்தபோதே அவற்றைத் திரட்டும் மோகமும் தொடங்கிவிட்டது. 1795இல் தாமஸ் ஸ்பென்ஸும் சார்லஸ் பையும், 1796இல் லீட்ஸ் நகர சாமுவேல் பர்ச்சலும், 1798இல் கோண்டரும் திரட்டாளர்களுக்கான நூல்களை வெளியிட்டனர். அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸின் சகோதரி சாரா சோபியா பேங்க்ஸ் (1744–1818) பெரும் தொகுப்பை உருவாக்கினார். நாணயத் திரட்டு ஆண்களின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட காலத்தில், அவர் ஒவ்வொன்றையும் எங்கிருந்து பெற்றார் என்று முறையாகக் குறித்துவைத்தார். அவருடைய தொகுப்பு இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்திலும் அரசு நாணயச்சாலையின் அருங்காட்சியகத்திலும் உள்ளது.

இந்த மோகத்தை உற்பத்தியாளர்கள் இலாபமாக்கிக்கொண்டனர். ஒரு டோக்கனின் முகப்பு அச்சையும் அதற்குத் தொடர்பில்லாத வேறொன்றின் பின்புற அச்சையும் இணைத்து, சிலவற்றை மட்டும் அடித்து, அரியவை என்று விற்றனர். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த கலப்பினத்தைப் போன்றவை என்பதால் ஆங்கிலேயர் இவற்றைக் கோவேறு கழுதை என்றே அழைக்கின்றனர். பர்மிங்காமின் வில்லியம் லட்விச் இதில் முன்னணியில் இருந்தார். இத்தகையவை எந்தக் கடையிலும் செலாவணியானவை அல்ல. ஆனால் அவையும் அக்காலத்தவையே. பிற்காலப் போலிகள் அல்ல.

முடிவு

1797 பிப்ரவரியில் பிரான்சுடனான போரின் நெருக்கடியில் இங்கிலாந்து வங்கி தன் தாள்களுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. நாணயத் தட்டுப்பாடு முற்றியது. அவ்வாண்டு ஜூனில் அரசு கடைசியில் போல்டனுடன் ஒப்பந்தம் செய்தது. ஒரு அவுன்ஸ் எடையுள்ள பென்னியும் இரண்டு அவுன்ஸ் எடையுள்ள இரு பென்னியும் சோகோவில் அடிக்கப்பட்டன. அகலமான விளிம்பும் பெரும் எடையும் கொண்ட இவற்றை மக்கள் 'வண்டிச்சக்கரம்' என்று அழைத்தனர். சுமார் 4.4 கோடிப் பென்னிகளும் 7 இலட்சத்திற்கு மேற்பட்ட இரு பென்னிகளும் வெளிவந்தன. நம்பத் தகுந்த அரசு நாணயம் கிடைத்ததும் டோக்கன்களின் தேவை மங்கியது. செம்பு விலை ஏறியபோது எடை மிகுந்த நல்ல டோக்கன்கள் பல உருக்கப்பட்டன.

1811–1812இல் மீண்டும் தட்டுப்பாடு வந்தபோது இரண்டாம் டோக்கன் அலை எழுந்தது. 1817ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் டோக்கன்களைத் தடை செய்தது. ஒரேயடியாகத் தடுத்தால் கையில் டோக்கன் வைத்திருக்கும் ஏழைகள் பாதிக்கப்படுவர் என்பதால், பர்மிங்காம், ஷெஃபீல்டு ஏழையர் இல்லங்களின் டோக்கன்களுக்கு மட்டும் சில ஆண்டுகள் விலக்கு அளிக்கப்பட்டது.

சென்னை மாகாணக் காசுகளுடன் தொடர்பு

டோக்கன்களை அடித்துத் தேர்ச்சி பெற்ற சோகோ நாணயச்சாலையே கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நாணயம் அடித்தது. சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் பகுதிக்காக 1794லும் 1797லும், பின்னர் மாகாணத்தில் புழங்குவதற்கான செம்புக் காசுகள் 1803லும் 1808லும் அங்கே அடிக்கப்பட்டன. இந்தச் சென்னை நாணயங்களின் மதிப்பு 'காசு' என்ற அலகில் குறிக்கப்பட்டது. அந்த அலகை ஆங்கிலேயர் எழுதிய சொல் நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே போர்த்துக்கீசியர் வழியாக அவர்களிடம் சென்றது.

1808ஆம் ஆண்டுப் பத்துக்காசு, இருபதுக்காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அதிலிருந்து பெருந்தொகையான காசுகள் மீட்கப்பட்டன. பீப்பாய்களில் அடைபட்டுக் கிடந்ததால் பல காசுகள் புழக்கத்தின் தேய்மானமின்றி உள்ளன. சென்னைக்கு வந்து சேராத இந்தச் சென்னைக் காசுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. கோண்டர் டோக்கன்களைத் திரட்ட விரும்பும் தமிழருக்கு, சோகோவின் பொறிப்பு முறையை நேரில் அறிய இது நல்ல தொடக்கம்.

வகைப்படுத்தும் முறை

ரிச்சர்ட் டால்டன், சாமுவேல் ஹேமர் ஆகிய இருவரும் 1910 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பட்டியலே இன்றும் அடிப்படை நூல். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து எனப் பிரித்து, அதற்குள் மாவட்டவாரியாக எண் கொடுத்துள்ளனர். எனவே திரட்டாளர்கள் 'ஆங்கில்சி', 'மிடில்செக்ஸ்' போன்ற மாவட்டப் பெயரையும் எண்ணையும் சேர்த்தே ஒரு டோக்கனைக் குறிப்பிடுவர். ஒரே வடிவமைப்புக்கும் பல எண்கள் உண்டு. துரூயிது பென்னிகளில், மாலையில் உள்ள கருவாலிக் கொட்டைகளின் எண்ணிக்கையைக்கூட எண்ணித்தான் எந்த அச்சு என்று தீர்மானிக்கின்றனர்.

திரட்டத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

பல்லாயிரம் வகைகள் இருப்பதால் அனைத்தையும் சேர்க்க முயல்வது பயனில்லை. ஒரு மாவட்டம், ஒரு தொழில், விலங்குகள், கட்டடங்கள், அரசியல் என ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வது நல்லது. அக்காலத்திலேயே பலர் திரட்டி வைத்ததால், இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் தேயாத டோக்கன்கள் நியாயமான விலையில் கிடைக்கின்றன.

விளிம்பு: ஒரு டோக்கனை வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு. முகப்பும் பின்புறமும் ஒன்றாக இருந்தாலும் விளிம்பு எழுத்தைப் பொறுத்து வகையும் மதிப்பும் மாறும். எங்கே மாற்றித் தரப்படும் என்று குறித்த டோக்கன், வெளியிட்டவர் பொறுப்பேற்றதைக் காட்டுகிறது. விளிம்பு வெறுமையாகவோ, முகப்பில் உள்ள ஊருக்குத் தொடர்பில்லாத ஊர்ப் பெயருடனோ இருந்தால், அது பொறுப்பேற்காத வெளியீடாகவோ திரட்டாளருக்காக அடித்ததாகவோ இருக்கக்கூடும். படம் பார்த்து வாங்கும்போது விற்பவரிடம் விளிம்பின் படத்தையும் கேட்க வேண்டும்.

எடை: பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய தராசு போதும். நூலில் குறித்த எடையைவிட மிகக் குறைவாக இருந்தால் அது அக்காலப் போலியாக இருக்கலாம். அக்காலப் போலியும் வரலாற்றுப் பொருளே. ஆனால் விலை வேறு. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரிந்தாலோ, பரப்பில் நுண்ணிய குழிகள் காணப்பட்டாலோ அது வார்க்கப்பட்ட நகலாக இருக்க வாய்ப்பு உண்டு. அசல் டோக்கன்கள் வார்க்கப்படவில்லை, அச்சால் அடிக்கப்பட்டவை.

தூய்மை: நம் வீடுகளில் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்குவது வழக்கம். டோக்கனை ஒருபோதும் அப்படிச் செய்யக்கூடாது. காலத்தால் படிந்த பழுப்பு நிறப் படலமே அதன் காப்பு. புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவானாலும் அந்தப் படலத்தை அரித்துவிடும். போன படலம் திரும்பாது. மதிப்பும் பெருமளவு குறையும். பச்சை நிறத்தில் தூளாக உதிரும் பூஞ்சை போன்ற படிவு தோன்றினால் அது குளோரைடால் ஏற்படும் அரிப்பு. அந்த டோக்கனை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரமில்லாத இடத்தில் வைத்து, அறிந்தவரின் உதவியை நாட வேண்டும்.

பாதுகாப்பு: விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும், கைவியர்வை செம்பில் விரல் தடத்தைப் பதித்துவிடும். அமிலமற்ற காகித உறைகள் ஏற்றவை. பி.வி.சி. கலந்த மென்மையான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் பச்சைப் பிசினை உண்டாக்கும். கடலோர ஊர்களில் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம் என்பதால், மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டு, அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

பதிவேடு: எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எடை, விட்டம், விளிம்பு எழுத்து, பட்டியல் எண் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். சாரா பேங்க்ஸின் தொகுப்பு இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுவதற்கு அவர் எழுதிய குறிப்புகளே காரணம். குறிப்பில்லாத தொகுப்பு, திரட்டியவரின் காலத்திற்குப் பின் பழைய செம்பாகவே எடைபோடப்படும்.

வாங்க இயலாதவரும் இத்துறையைக் கற்கலாம். பிரித்தானிய அருங்காட்சியகம் தன் டோக்கன்களின் படங்களையும் விவரங்களையும் இணையத்தில் கட்டணமின்றி வைத்துள்ளது. 1996இல் தொடங்கிய கோண்டர் டோக்கன் திரட்டாளர் கழகம் தனி இதழ் நடத்திவருகிறது. தொழிற்புரட்சி, அடிமை ஒழிப்பு, வாக்குரிமைப் போராட்டம் ஆகிய பாடங்களை நடத்தும் ஆசிரியர்கள், பாடநூலின் பத்திகளோடு இந்த டோக்கன்களின் படங்களையும் மாணவருக்குக் காட்டலாம்.